சோடியம் பெர்கார்பனேட்: ஆக்டிவ் ஆக்சிஜன் 12.4%-ஐத் தாண்டவில்லை, எங்கே இழக்கிறோம்?

கேள்வி (ரியாக்டர்_2)

சோடியம் பெர்கார்பனேட் (சோடியம் கார்பனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த படிகம்) தயாரிக்கிறோம், தொடர் முறைப் படிகமாக்கல். ஆக்டிவ் ஆக்சிஜன், அதாவது பெராக்சைடு தரும் ஆக்சிஜனின் எடைச் சதவீதம், 12.4-லேயே நிற்கிறது. சாதாரண உப்பு கலந்த மதர் லிக்கரில் (படிகத்தைப் பிரித்தபின் மிஞ்சி மீண்டும் சுற்றும் கரைசல்) சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைசலும் 50% பெராக்சைடும் போகின்றன. வெப்பநிலை 12 டிகிரி. சென்ட்ரிஃப்யூஜில் இருந்து வரும் கேக்கில் (பிரித்தெடுத்த ஈரப் படிகம்) ஈரம் 16%, படிகத்தின் சராசரி அளவு 150 மைக்ரான். ஃப்ளூயிட் பெட் டிரையர் (சூடான காற்றில் தூளை மிதக்கவிட்டு உலர்த்துவது) 65 டிகிரியில் ஓடுகிறது, அதன் வாயிலிலேயே கட்டி கட்டியாகச் சேர்கிறது. டிரையரில் பெராக்சைடு சிதைகிறதா?

பதில் (டைட்ரேஷன்)

டிரையர் மேல் பழி போடும் முன் கணக்குப் பாருங்கள். சுத்தமான பொருளில் 15.3% வர வேண்டும், 2.9 குறைகிறது. மதர் லிக்கரில் 100 கிலோ தண்ணீருக்கு 20 கிலோ உப்பு என்று வைத்தால், 16% ஈரத்தோடு 3.2 கிலோ உப்பு கேக்கில் தங்கும். உலர்ந்த 84 கிலோவில் அது கிட்டத்தட்ட 4%. இதனால் போவது 0.6 மட்டுமே.

மிச்சத்துக்கு ஈரக் கேக்கையும் உலர்ந்த தூளையும் தனித்தனியாகப் பாருங்கள். பெர்மாங்கனேட்டில் பெராக்சைடு, அமிலத்தில் மொத்தக் காரம். 0.1 நார்மல் பெர்மாங்கனேட் 1 மி.லி. என்றால் 0.8 மி.கி. ஆக்டிவ் ஆக்சிஜன். கார்பனேட் 1 மோலுக்குப் பெராக்சைடு 1.5 மோல் இருக்க வேண்டும். கேக்கிலேயே குறைவு என்றால் கோளாறு ரியாக்டரில்.

ரியாக்டர்_2

கார்பனேட் 1 மோலுக்குப் பெராக்சைடு கேக்கில் 1.2 மோல், உலர்ந்த பிறகு 1.18.

பதில் (மதர்_லிக்கர்)

அப்படியானால் தூளில் சுமார் 15% பெராக்சைடு சேராத வெறும் சோடா. டிரையருக்கு இதில் பங்கு சொற்பம். உப்பு ஏற்கனவே சோடாவின் கரைதிறனைக் குறைக்கிறது, 12 டிகிரியில் இன்னும் குறையும். பெராக்சைடும் பற்றாமல் போனால் பெர்கார்பனேட்டோடு பத்து நீர் மூலக்கூறு கொண்ட வாஷிங் சோடாவும் படிகமாகிவிடும். அது 33 டிகிரிக்கு அருகில் தன் நீரிலேயே உருகும்; டிரையர் வாயில் கட்டிக்குக் காரணமும் அதுவே.

16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஃபீட் விகிதத்தையும் சரிபாருங்கள்: 1000 கிலோ பொருளுக்கு 675 கிலோ சோடா ஆஷ், 50% பெராக்சைடு 650 கிலோ, அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல். மதர் லிக்கரில் எப்போதும் பெராக்சைடு மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் ரொம்பச் சூடாக்கினால் அதுவே சிதையும்.

பதில் (படிக_அளவு)

150 மைக்ரான் தனிப் பிரச்சினை, ஈரம் 16% நிற்பதும் அதனால்தான். இரண்டு ஃபீடும் ஒரே இடத்தில் மோதினால் அங்கே மட்டும் மிகைச்செறிவு (கரையக்கூடிய அளவை மீறிய செறிவு) எகிறி, நுண்கருக்கள் (படிகம் வளரத் தொடங்கும் மிகச் சிறு துகள்கள்) ஒரேயடியாகக் கொட்டும். ஃபீட் குழாய்களை எதிரெதிரே, திரவ மட்டத்துக்குக் கீழே, கலக்கி அருகே இறக்குங்கள். படிகம் ரியாக்டரில் தங்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஊசி வடிவம் வந்தால் சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்ஃபேட் சிறிதளவு போதும்.

பெராக்சைடு சிதையாமல் காக்க, மெக்னீசியம் சல்ஃபேட்டைப் பெராக்சைடு பக்கம் சேருங்கள், சிலிக்கேட்டைச் சோடா பக்கம். மெக்னீசியத்தைச் சோடாவில் போட்டால் அங்கேயே வண்டலாகிவிடும், பயன் இல்லை. மதர் லிக்கர் சுற்றச் சுற்ற பெராக்சைடைச் சிதைக்கும் இரும்பு சேரும், கொஞ்சம் வெளியேற்றியே ஆக வேண்டும். 316எல் எஃகையும் இந்த உப்பு குழிகுழியாக அரிக்கும்.

டிரையரில் எடுத்த ஈரக் கட்டிகளை மூடிய டிரம்மில் அடைக்காதீர்கள். தானே சூடேறி ஆக்சிஜனும் நீராவியும் விடும். திறந்த இடத்தில் நிறையத் தண்ணீரில் கரைத்துவிடுங்கள்.