பி16 நெகட்டிவ் ரிப்போர்ட்டை ஊருக்குக் காட்டலாமா?

நொய்யல்கரை:
பெரியப்பாவுக்கு ஆண்குறி நுனியில் ஆறாத புண். பயாப்சியில் செதிள் செல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. பி16 என்ற புரதத்துக்கான சோதனை நெகட்டிவ், அதாவது உடலுறவில் பரவும் எச்பிவி வைரஸால் வந்ததல்ல. கோபிப் பக்கத்துச் சொந்தங்கள் "எங்கேயோ போய் வாங்கிட்டு வந்திருக்கார்" என்கிறார்கள். பெரியம்மா கோயிலுக்குக்கூடப் போவதில்லை. ரிப்போர்ட்டைக் காட்டி அவர்கள் வாயை அடைக்கப் போகிறேன்.

பவானிக்காரன்:
வேண்டாம் தம்பி. அப்படியானால் பாசிட்டிவ் வந்தவர் ஒழுக்கம் கெட்டவரா? இந்தப் புற்றில் ஏறக்குறைய பாதி எச்பிவியால் வருவதுதான். ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் தொற்றலாம், வருடக்கணக்கில் தெரியாமலே கிடக்கும். எப்போது தொற்றியது என்று எந்த லேபும் சொல்லாது.

நொய்யல்கரை:
அது சரிங்க அண்ணா. ஆனால் புற்று எச்பிவியால் வருவதும் அது இல்லாமல் வருவதும் வேறு வேறு வழிகள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடே எச்பிவி சார்ந்தது, சாராதது என்றுதான் பிரிக்கிறது. வைரஸின் இ7 புரதம் செல் பெருகுவதைத் தடுக்கும் ஆர்பி புரதத்தை முடக்கும்போது பி16 எகிறும். பெரியப்பாவுக்கு அது இல்லை. அவருக்கு ரொம்ப நாளாக முன்தோல் பின்னால் வராது, அடிக்கடி அழற்சி, வெள்ளைத் திட்டு, பீடி வேறு; எச்பிவி இல்லாத வழி இப்படித்தான். கூச்சத்தில் மெடிக்கல் கடைக் களிம்பையே தடவிக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் இன்னும் நாலு பேர் முன்தோலைக் காட்ட டாக்டரிடம் போவார்கள்.

பவானிக்காரன்:
முன்தோல் விஷயத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். பி16ஐ நன்னடத்தைச் சான்றிதழாக நீட்டாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

ஈரோடு_லேப்:
நோயியல் லேபில் வேலை செய்கிறேன். ஊர் பேசுவது கிடக்கட்டும், ரிப்போர்ட்டின் கீழ்ப்பாதியில் என்ன இருக்கிறது? கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), ஆழம், நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்ததா, நரம்பைச் சுற்றியிருக்கிறதா? இந்தப் புற்றிலேயே வெருகஸ் என்ற வகை பூக்கோசு மாதிரி பெரிதாக வளரும், ஆனால் பரவுவது அபூர்வம். பேசலாய்டு என்ற வகை அப்படியில்லை, சீக்கிரம் நெறிக்கு, அதாவது தொடையிடுக்கு நிணநீர் முடிச்சுக்குப் போய்விடும்.

நொய்யல்கரை:
கிரேடு 2. மேல்தோலுக்கு அடியில் உள்ள திசுவோடு நிற்கிறது. நரம்பைச் சுற்றியிருப்பதாகப் போட்டிருக்கிறது. தொடையிடுக்கில் நெறி எதுவும் தட்டுப்படவில்லை.

ஈரோடு_லேப்:
நரம்பைச் சுற்றியிருந்தாலே, கட்டியின் நிலையைக் குறிக்கும் கணக்கில் அது டி1ஏ இல்லை, அதைவிட ஆபத்தான டி1பி. கைக்குத் தட்டுப்படாத நெறிக்குள்ளும் புற்று இருக்கலாம். நெறியை எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று சர்ஜனிடம் இந்த வாரமே கேளுங்கள்.

பவானிக்காரன்:
கோவைக்குக் கூட்டிப் போக வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள் தம்பி. ரிப்போர்ட் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.