நேர முகாமைத்துவம் பழக்கக் குழுச் செயற்பாடு உதவுமா, வீண் வேலையா?

பாலைமரம்:
கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கந்தோர்களில நேர முகாமைத்துவச் செயலமர்வு எண்டால் ஒரு வளவாளர் வந்து சிலைட் போட்டு மூண்டு மணித்தியாலம் கதைச்சிட்டுப் போறார். அடுத்த கிழமை ஒருதற்ற மேசையிலயும் ஒண்டும் மாறியிருக்காது. எது முதல், எது பிறகு எண்டு பிரிக்கிறது கேட்டு வாற பழக்கம் இல்லை, செய்துதான் வரும். கந்தோரில ஒரு கோவை (ஃபைல்) நாலு மேசை தாண்டித்தான் முடியிது. அதால குழுவாய்ச் செய்யவேணும்.

முறை இதுதான். குழுவுக்கு 5 பேர், 20 மட்டை. மட்டையில வேலை, கேட்டது யார், எப்ப வேணும், எத்தினை நிமிசம் பிடிக்கும். எல்லா மட்டையையும் கூட்டினால் 11 மணித்தியாலம் வரவேணும். ஆனா அதுகளை அடுக்கக் குடுக்கிற வேலைநாள் 7 மணித்தியாலம்தான். வேலையும் நேரமும் சரியாய்ப் பொருந்தினால் ஆக்கள் அடுக்குவினமே தவிர ஒண்டையும் கைவிடமாட்டினம். கைவிடப் பழகிறதுதான் இதில பாடம்.

முதல் 4 நிமிசம் கதைக்கக்கூடாது, தனித்தனியாய்த் தங்கட வரிசையை எழுதவேணும். இதை விட்டிட்டால் சீனியர் சொன்னதே குழுவின்ர முடிவாய்ப் போகும். பிறகு 15 நிமிசம் சேர்ந்து முடிவெடுக்கிறது. அதில 8ஆவது நிமிசம் புது மட்டை ஒண்டு நீட்டுங்கோ: "இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கப்போகினம், கண்டாவளைப் பக்கம் அறிவிக்கவேணும்."

கந்தோர்ப்படி:
தம்பி, முறை வடிவாய் இருக்கு. ஆனா நோய் வேற இடத்தில. எந்த வேலை முக்கியம் எண்டு கிளாக்கருக்கு நல்லாத் தெரியும். பத்தரைக்கு மேலிடத்தில இருந்து கோல் வரும், "பின்னேரம் 3 மணிக்கு முதல் தரவு வேணும்" எண்டு. அதோட அந்தாளின்ர வரிசை போச்சு. மட்டையை விரும்பினபடி அடுக்கிற சுதந்திரம் மண்டபத்துக்குள்ள மட்டும்தான்.

மற்றது, அந்த வான்கதவு மட்டையை எந்தக் குழுவும் பிழையாய் வைக்காது. 2018 டிசம்பர் வெள்ளம் பார்த்த சனத்துக்கு அது கேள்வியே இல்லை. ரெண்டு நடுத்தர வேலைக்கு இடையில தெரிவு வரேக்கதான் ஆக்கள் தடுமாறுகினம்.

செயலமர்வுக் காசை விட்டிட்டு ஒரு கொப்பி வாங்குங்கோ. 5 வேலைநாளுக்கு ஒவ்வொரு இடையூறையும் எழுதட்டும்: நேரம், யார், எதுக்கு, எத்தினை நிமிசம். பெரும்பாலான இடையூறு "என்ர கோவை எங்க நிக்குது" எண்ட ஒரே கேள்வியாய்த்தான் இருக்கும். அதுக்குக் கவுண்டரில ஒரு ஆளும் ஒரு பதிவேடும் காணும்.

பாலைமரம்:
வான்கதவு மட்டையை எடுக்கிறன் அண்ணை, நீங்கள் சொன்னது சரி. பதிலுக்கு ரெண்டு மட்டை: 4 மணிக்கு முதல் போகவேண்டிய வருகை விபரம், தவணையே இல்லாத, ஆனா ரெண்டு மாதமாய்க் கிடக்கிற அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) மேன்முறையீட்டுக் கட்டு.

ஆனா //கிளாக்கருக்கு நல்லாத் தெரியும்// எண்டதை ஒத்துக்கொள்ள ஏலாது. 2018இல ஜேர்னல் ஒஃப் கன்சியூமர் ரிசேர்ச் எண்ட ஆய்விதழில வந்த ஆய்வில, பலன் கூடின வேலையை விட்டிட்டு, தவணை கிட்ட இருக்கிற பலன் குறைஞ்ச வேலையை ஆக்கள் எடுக்கிறது காட்டப்பட்டிருக்கு. மேலதிகாரி ஒருதரும் அங்க கோல் எடுக்கேல்லை. தெரிவு செய்யேக்கையே பலன் கண்ணுக்கு முன்னால நிண்டால் அந்த இழுப்புக் குறையிறதும் அதிலயே இருக்கு. அதால மட்டையின்ர பின்பக்கம் "இதைச் செய்யாட்டில் யாருக்கு என்ன நடக்கும்" எண்டு ஒரு வரி எழுதி, முதல் சுற்றில மறைச்சு, ரெண்டாம் சுற்றில திருப்பிக் காட்டவேணும். மேன்முறையீட்டுக் கட்டு எத்தினையாம் இடத்தில இருந்து எத்தினையாம் இடத்துக்கு ஏறுது எண்டு அவையளே பாக்கட்டும்.

ஆலைச்சங்கு:
ரெண்டு பேரும் கந்தோரை மட்டும் நினைச்சுக் கதைக்கிறியள். ஆடைத்தொழிற்சாலை லைனில தைக்கிற பிள்ளைக்கு வேலை வரிசையைத் தெரிவுசெய்யிற அதிகாரமே இல்லை. அவவை இருத்தி முன்னுரிமை படிப்பிக்கிறது அநியாயம். சுப்பவைசரைக் கூப்பிடுங்கோ. நெல்லுக் கொள்வனவு நிலையமும் அப்பிடித்தான். உழவு மெசின் வரிசையில நிக்கேக்க, ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல காட்டின மூடையைத் திருப்புறதா, காயப்போட இடம் குடுக்கிறதா எண்டு முடிவெடுக்கிற ஆள் முகாமையாளர்தான்.

எல்லாரும் நாலு கட்டம் போடுறதைப் பற்றியும் சொல்லவேணும். அவசரம், முக்கியம் எண்ட அந்தப் பிரிப்பை அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் 1954 உரையில முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருதர் சொன்னதாய்த்தான் சொன்னவர். கட்டம் கீறினது பிறகு வந்த ஆக்கள். எங்கட பக்கம் அதைக் குடுத்தால் 20 மட்டையில 15 அவசரமும் முக்கியமும் எண்ட முதல் கட்டத்துக்குள்ள போயிடும். "முதல் கட்டத்தில 3 மட்டைக்கு மேல இல்லை" எண்டு சட்டம் போட்டால்தான் வாக்குவாதம் தொடங்கும்.

வேலையை மாறி மாறிச் செய்தால் நேரம் போறதைக் காட்ட, தொடக்கத்துக்கு 10 நிமிசப் பயிற்சி ஒண்டு நல்லது. ஒரு வரியில "புதுக்குடியிருப்பு", அடுத்த வரியில 1 முதல் 9 வரை. முதல் தரம் சொல்லை முடிச்சிட்டு இலக்கம். ரெண்டாம் தரம் ஒரு எழுத்து, ஒரு இலக்கம் எண்டு மாறி மாறி. கைத்தொலைபேசியில நேரம் பிடியுங்கோ. அதே 18 குறிதான், ஆனா ரெண்டாம் தரம் நேரம் கூடும், பிழையும் வரும்.

கந்தோர்ப்படி:
அது உண்மை தங்கச்சி, ஆனா மாறி மாறிச் செய்யச்சொல்லிக் கேக்கிறது ஊழியர் இல்லை. பொறுப்பதிகாரி எங்க இருக்கிறார் உங்கட மண்டபத்தில? தொடக்கி வைச்சிட்டுத் தேத்தண்ணியோட எழும்பிப் போற ஆள் எண்டால் மிச்சம் எல்லாம் வீண்.

ஆலைச்சங்கு:
எழும்பிப் போகவிடக் கூடாது. அதே நேரம் ஊழியர் குழுவுக்குள்ளயும் விடக்கூடாது, ஒருதரும் வாய் திறக்கமாட்டினம். பொறுப்பானவையளுக்குத் தனி மேசை, அதே 20 மட்டை, அதே நேரம். முடிய ரெண்டு வரிசையையும் பெரிய டிமைத் தாளில எழுதிப் பக்கத்துப் பக்கத்தில ஒட்டுங்கோ. 5 இடத்துக்கு மேல வித்தியாசம் வந்த மட்டைகளை மட்டும் எடுத்து 40 நிமிசம் கதையுங்கோ. பத்தரைக் கோல் எங்க இருந்து பிறக்குது எண்டு அந்தத் தாளில தெரியும்.

கந்தோர்ப்படி:
இதில ஏதோ இருக்கு. ஆனா ரெண்டு விசயம் திருத்தவேணும். மட்டையில நிமிசத்தை வளவாளர் மனத்தில நினைச்சு எழுதக்கூடாது. வேலைக்குப் பிடிக்கிற நேரத்தை ஆக்கள் குறைச்சே மதிக்கினம் எண்டு உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலயே எழுதினவை. கொப்பியில அளந்த நிமிசத்தைப் போடுங்கோ. அப்ப கொப்பி முதல், மட்டை பிறகு.

மற்றது, முடிவில "இனி ஒழுங்காய்ச் செய்வம்" எண்டு எழுதி ஒட்டாதேங்கோ. "காலமை 9 முதல் 11 வரை தரவு கேட்டுக் கோல் எடுக்கிறதில்லை, வாற கோலை இன்னார் எடுப்பார்" எண்டு நேரமும் ஆளும் இருக்கிற ஒரே ஒரு வசனம். பொறுப்பதிகாரி அதில கையெழுத்து வைக்கவேணும்.

பாலைமரம்:
கொப்பியை முதல் வைக்கிறதில எனக்கு மறுப்பில்லை அண்ணை. அப்ப செயலமர்வு அரை நாள் போதும், ரெண்டு பிரிவாய், கவுண்டர் மூடாமல். கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தை, மாசி அறுவடைக்குள்ள வைக்கவேண்டாம்.

கந்தோர்ப்படி:
ஒரு மாதத்தால அதே கொப்பியைத் திரும்ப 5 நாள் எழுதிப் பாருங்கோ. இடையூறு குறையாட்டில் ரெண்டாம் செயலமர்வு கேக்காதேங்கோ, கவுண்டரை மாத்துங்கோ.

ஆலைச்சங்கு:
கவுண்டரை எப்பிடி மாத்திறது எண்டதையும் அந்த ஊழியர் குழுவிட்டயே குடுங்கோ அண்ணை. வரிசையில சனம் எங்க முட்டுது எண்டு வடிவாய்த் தெரிஞ்ச ஆக்கள் அவையள்தான்.