புதுப்பிப்பு: பியானோல எஃப் மேஜர் ஸ்கேல் (சுரவரிசை) ஒருவழியா கைக்கு வந்துருச்சு!

மூணு வாரம் முன்னாடி புலம்பியிருந்தேன்ல, சி மேஜர் நல்லா வருது ஆனா எஃப் மேஜர்ல வலது கை நடுவுல தடுக்குதுன்னு. தப்பு என்னன்னா சி மேஜர் மாதிரியே மூணாவது விரலுக்கு (கட்டைவிரல்தான் ஒண்ணு) அப்புறம் கட்டைவிரலை உள்ள விட்டுட்டு இருந்தேன், அது நேரா பி ஃப்ளாட் கருப்புக் கட்டை மேல போய் விழுது, பின்ன எப்படி வரும். ஒருத்தர் சொன்ன மாதிரி 1-2-3-4 வாசிச்சு, நாலாவது விரலை பி ஃப்ளாட்ல வச்சுட்டு சி-க்கு கட்டைவிரலை கொண்டுவந்தேன், ரெண்டே நாள்ல சரியாயிருச்சு. மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) வேகம் நிமிஷத்துக்கு 60தான், சிரிக்காதீங்க.

இன்னொருத்தர் பி மேஜர் ட்ரை பண்ணுங்க, பியானோ மேதை ஷோபின் தன் மாணவர்களுக்கு அதைத்தான் முதல்ல குடுப்பாராம்னு சொன்னாரு. அஞ்சு கருப்புக் கட்டைன்னு பயந்தேன், ஆனா நீள விரல் எல்லாம் கருப்புல உக்காருது, கட்டைவிரல் வெள்ளைல, கைக்கு அவ்வளவு சொகம்!

அப்புறம் ஹார்மோனிக் மைனர்ங்கிற ஸ்கேலை வாசிச்சப்ப அம்மா அடுப்படிலேர்ந்து "கீரவாணியாடா?"ன்னு கேட்டாங்க. அட ஆமால்ல, அந்த ராகத்துக்கும் இதே ஸ்வரங்கள்தான்!

ஆர்பெஜியோ (கார்டோட சுரங்களை ஒண்ணொண்ணா வாசிக்கிறது) மட்டும் இன்னும் மோசம்தான், ஜி-லேர்ந்து மேல் சி-க்கு தாவும்போது முழங்கை தூக்கிக்குது. அதுக்கு யாராச்சும் வழி சொல்லுங்க.