ஐ.டி.ஐ. சேர்க்கையில் ஒரு அம்மா கேட்ட கேள்வி

தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றில், இயந்திர பாகங்களைச் செய்து பொருத்தும் ஃபிட்டர் பிரிவுக்குப் பயிற்றுநராக இருக்கிறேன். ஒரு சேர்க்கை சமயத்தில் வந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பையன் பத்தாவதில் சுமாரான மார்க். நிமிர்ந்தே பார்க்கவில்லை. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை எல்லாம் கிடைக்கும் என்றேன். அந்த அம்மா மசியவில்லை.

“அதெல்லாம் சரிங்க சார். நாளைக்கு எவனாவது பிளஸ் டூ முடிச்சியான்னு கேட்டா எம்புள்ள என்ன சொல்வான்?”

நியாயமான கேள்வி. 2022இல் வந்த அரசாணையை எடுத்துச் சொன்னேன். பத்தாவது தேறி ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் முடித்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலத் தாள்களைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால் போதும், பிளஸ் டூவுக்கு இணை. எட்டாவதோடு வருபவர்களுக்கும் இதே வழியில் பத்தாவது இணை உண்டு. “அப்போ காலேஜுக்கும் போலாமா?” என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அப்புறம் இருவரையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனேன். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து அரசு மேம்படுத்தியதே, அதில் வந்த ரோபோவை விட்டுப் பையன் கண்ணை எடுக்கவில்லை. அம்மா நின்றது, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பக்கத்தில். முதல் வருடப் பையன் ஒருவன் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, செங்கோணம் சரிபார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். கீற்றாக ஒளி கசிந்தது, இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். மறுபடி அரத்தை எடுத்தான்.

“கை வலிக்கலையா தம்பி?”

“பழகிடுச்சும்மா.”

அங்கேயே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

பையன் இப்போது உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் அப்ரண்டிஸ். மொழித்தாள் இரண்டிலும் தேறிவிட்டான்.

புது இயந்திரங்கள் வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவற்றைச் சொல்லிக்கொடுக்க நிரந்தரப் பயிற்றுநர்களும் வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் தயக்கத்தை உடைத்தது இயந்திரம் இல்லை, அந்த அரசாணை. அதை ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். “மார்க் வரலைன்னா ஐ.டி.ஐ.க்குப் போ” என்று தண்டனை மாதிரி சொல்வதை ஆசிரியர்கள் தயவுசெய்து விடுங்கள். பிள்ளைகளை ஒருநாள் பக்கத்திலுள்ள ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப்போங்கள். எங்களிடம் வந்தால் நானே சுற்றிக் காட்டுகிறேன்.