மஸ்டாங்: புதுத் தளம் போட்டும் உள்ளுக்குத் தண்ணி நிக்குது, அவசர உதவி

குமரன்_ஸ்காபரோ
வணக்கம். என்ர பழைய ஃபோர்ட் மஸ்டாங் காருக்கு உக்கின தளத் தகரத்தை வெட்டி எடுத்து, புதுசு வெல்ட் பண்ணி, பெயின்றும் அடிச்சாச்சு. நேற்று மழைக்குப் பிறகு பாத்தா கால் வைக்கிற இடத்தில தண்ணி தேங்கி நிக்குது. வெல்டுக்குள்ளால வருதோ? எங்க சீலர் அடிக்கோணும்? அதோட முன்னுக்கு டிஸ்க் பிரேக் போடப்போறன், பழைய மாஸ்டர் சிலிண்டரையே (பிரேக் எண்ணெயைத் தள்ளுற பம்ப்) வைக்கலாமோ? வாற கிழமை கார்ப்பெற் வருது, கெதியா சொல்லுங்கோ.

ஹூஸ்டன்_பாலா
எந்த வருஷ மாடல் ப்ரோ? ஹார்ட்டாப்பா, கன்வர்ட்டிபிளா? டிரைவர் பக்கமா, அந்தப் பக்கமா? ஓட்டும்போது நனைஞ்சுதா, நிறுத்தியிருந்தப்பவா?

வி8_ரசிகன்
இது ஹீட்டர் கோர்தான், காருக்குள்ள சூடு குடுக்கிற சின்ன ரேடியேட்டர் ஒழுகுது. விரல்ல தொட்டுப் பாருங்க, வழவழன்னு இனிப்பு வாசனை வந்தா கூலண்ட். நாய், பூனை இருந்தா கிட்ட விடாதீங்க, அது விஷம்.

நயாகரா_செல்வி
எங்கட காரில முன் கண்ணாடி ரப்பர் காய்ஞ்சு வெடிச்சுத்தான் தண்ணி வந்தது. ரப்பரை மாத்துங்கோ, சரி வரும்.

பழைய_இரும்பு
மஸ்டாங் 1964ல இருந்து வர்ற வண்டி. வருஷம் சொல்லாம கேட்டா யாரும் பதில் சொல்ல முடியாது. இதை இங்க எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. 1968 வரைக்கும் உள்ள வண்டின்னா ரப்பரும் இல்ல, ஹீட்டரும் இல்ல, கவ்ல். தளம் ஏன் துருப்பிடிச்சதுன்னு பாக்காம தளத்தை மட்டும் மாத்துறவங்கதான் இங்க அதிகம். முதல்ல அடிப்படையைப் படிச்சிட்டு கிரைண்டரைத் தொடுங்க.

நயாகரா_செல்வி
வந்த பிள்ளைக்கு இப்பிடியே பதில் சொல்லுறது? கவ்ல் எண்டா என்னெண்டு அதையும் எழுதலாமே.

குமரன்_ஸ்காபரோ
67 ஹார்ட்டொப், 289 கன அங்குல இன்ஜின். டிரைவர் பக்கம்தான் கூட. வெளியில நிப்பாட்டி வச்சிருந்தது, ஓடேல்லை. மணம் ஒண்டும் இல்லை, சும்மா தண்ணி.

தகரவேலை_வின்சர்
தம்பி, நிக்கிற காருக்குள்ள கீழயிருந்து தண்ணி ஏறாது. உங்கட வெல்டில பிழை இருக்கெண்டு நினைக்காதேங்கோ.

முன் கண்ணாடிக்குக் கீழ, வைப்பருக்குப் பக்கத்தில காத்துப் போற வெட்டுகள் இருக்கெல்லோ? அதுக்குள்ள ஒரு தகரப் பெட்டி. அதுதான் கவ்ல். மழைத் தண்ணி அதுக்குள்ள விழுந்து, ரெண்டு கரையாலயும் மட்காட்டுக்குப் பின்னால இறங்கிப் போகோணும். பெட்டிக்குள்ள காத்துக்கு ரெண்டு வட்ட ஓட்டை, சுத்திவர எழும்பின விளிம்போட. இலை குப்பை விழுந்து ஈரம் நிண்டா அந்த விளிம்பு உக்கிப்போகும். பெட்டியை மூடி வெல்ட் பண்ணினபடியால் உள்ளுக்குக் கம்பனிப் பெயின்றும் வடிவாப் படுறேல்லை. விளிம்பு போனா டிரைவர் பக்கத்துத் தண்ணி நேர காலில. மற்றப் பக்கத்தது ஹீட்டர் பெட்டிக்குள்ள.

பாக்கிறது சுகம். ஒராள் டாஷுக்குக் கீழ டோர்ச்சோட படுக்கோணும். மற்றாள் வெட்டுக்குள்ள ஜக்கால ஒவ்வொரு பக்கமா மெதுவா ஊத்தோணும். எங்கயிருந்து சொட்டுதெண்டு தெரியும் மட்டும் கார்ப்பெற் போடாதேங்கோ. நனைஞ்ச கார்ப்பெற் புதுத் தளத்தையும் தின்னும்.

மிச்சிகன்_மாறன்
மேல சொன்னதுதான் சரி. பிளாஸ்டிக் தொப்பி மாதிரி ஒண்ணு விக்குறாங்க, ஓட்டையைச் சுத்தி சீலர் வச்சு ஒட்டுறது. துரு கொஞ்சமா இருந்தா கொஞ்ச காலம் ஓடும். சல்லடையா இருந்தா அதுக்குப் பிடிப்பே கிடைக்காது.

ஹூஸ்டன்_பாலா
கவ்லைத் திறக்க எப்படியும் முன் பக்கம் மொத்தமும் கழட்டணும். அதோட ஷாக் டவரையும் (இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் முன் சஸ்பென்ஷனைத் தாங்குற தகரம்) வெட்டிட்டு ஃபோர்டோட புதுக் காலத்து 5.0 லிட்டர் கயோட்டி இன்ஜின் போட்டுடுங்க. குளிர்ல கூட ஒரே சாவில ஸ்டார்ட் ஆகும்.

பழைய_இரும்பு
தண்ணி ஒழுகுதுன்னு கேட்டவருக்கு இன்ஜினை மாத்தச் சொல்றீங்க. ஷாக் டவர் அந்த வண்டியோட எலும்பு, தனி சேஸிஸ் கிடையாது. வெட்டினா முன் சஸ்பென்ஷன் முழுக்க வேற போடணும். 289 நல்ல இன்ஜின், பாகம் எல்லாம் கிடைக்குது.

ஹூஸ்டன்_பாலா
வருஷம் பூரா கராஜ்ல மூடி வைக்கிறதுக்கா இவ்வளவு உழைப்பு? ஓட்டறவருக்கு நம்பிக்கையான வண்டி வேணும்.

மிச்சிகன்_மாறன்
வெட்டறதுக்கு முன்னாடி கம்பெனி அடிச்ச வண்டி நம்பர்ல (VIN, பிளேட் நம்பர் இல்ல) 5ஆவது எழுத்தைப் பாருங்க, எந்த 289ன்னு தெரியும். சி-ன்னா ரெண்டு பேரல் கார்புரேட்டர், ஏ-ன்னா நாலு. கே-ன்னா 271 குதிரைசக்தி வண்டி, அதை யாரும் தொடக்கூடாது.

வி8_ரசிகன்
சி-யா இருந்தா மட்டும் வெட்டலாமா? அதுவும் 1967ல செஞ்ச வண்டிதானே.

நயாகரா_செல்வி
பிரேக் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லையே?

தகரவேலை_வின்சர்
பழைய மாஸ்டர் சிலிண்டர் வேண்டாம். 67ல ரெட்டைச் சிலிண்டர் வந்திட்டுது, அது நல்லது. ஆனா டிரம் பிரேக்குக்கு எண்டு வந்தது குழாயில கொஞ்ச அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். டிஸ்க்கில அப்பிடி இருந்தா பிரேக் பாட் உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும். டிஸ்க்குக்கு உரியதைப் போட்டு, பின் டிரம்முக்கு அழுத்தத்தைக் குறைக்கிற வால்வும் வையுங்கோ. இல்லாட்டி சடின் பிரேக்கில பின் சில்லு முதல் பூட்டுப்படும். 14 அங்குல ரிம் எண்டா, டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பரில தட்டுதோ எண்டு வேண்ட முதல் அளந்து பாருங்கோ.

குமரன்_ஸ்காபரோ
ஊத்திப் பாத்தன். டிரைவர் பக்க வட்டத்தால ஊத்துது. மற்றப் பக்கம் ஹீட்டர் பெட்டிக்கு அடியில சொட்டு. விரல் விட்டா விளிம்பு உடைஞ்சு கையோட வருது. கார்ப்பெற்றை நிப்பாட்டச் சொல்லிட்டன். நன்றி வின்சர் அண்ணை.

தகரவேலை_வின்சர்
உடையுதெண்டா தொப்பி பிடிக்காது தம்பி, கீழ்த் தகரம் முழுசா மாத்தோணும். முன் கண்ணாடி, மட்காட், பொனற் எல்லாம் கழட்டி, மேல் தகரத்தின்ர ஸ்பொட் வெல்டுகளை ஒவ்வொண்டா துளைச்சு எடுங்கோ. அவசரப்பட்டு உளியால நெம்பினா மேல் தகரம் வளைஞ்சுபோம். புதுத் தகரத்தில நாகப்பூச்சு இருந்தா வெல்ட் பண்ணுற இடத்தில அரைச்சு எடுத்திட்டு, கதவைத் திறந்து வச்சுச் செய்யுங்கோ, அந்தப் புகை கூடாது. மூட முதல் உள்ளுக்கு எபொக்சி பிரைமர், மூட்டுக்கெல்லாம் சீலர். பிறகு திரும்பத் தண்ணி ஊத்திப் பாத்திட்டுக் கண்ணாடியைப் போடுங்கோ.