இன்ஸ்பெக்டர் அறை வரை போய் வந்தவர்கள்

மொபெட் தொலைத்தவன்:
காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் வேலை என்ன என்பது ஒரு பழைய மொபெட் தொலைந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. போன வருடம் சந்தை வாசலில் நிறுத்தியிருந்த வண்டி, காய் வாங்கித் திரும்புவதற்குள் காணாமல் போய்விட்டது. நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் காவலரான ரைட்டர் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்தார். வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். இருபது நாள் கழித்து இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதை நீட்டினால், "இது மனு வாங்கியதற்கு ரசீது. எஃப்.ஐ.ஆர். எங்கே?" என்கிறார்கள்.

இன்ஸ்பெக்டரைப் பார்க்கத் திரும்பவும் நிலையத்துக்கு அலைந்தேன். "அய்யா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்." "அய்யா கோர்ட்டில் இருக்கிறார்." "அய்யா மீட்டிங்கில் இருக்கிறார்." நான்காவது முறை அய்யா இருந்தார். மாலை நாலு மணி. மேசையில் திறந்த டிபன் கேரியர், அதில் கை வைக்காத சோறு, காதில் போன். ரசீதைப் பார்த்தவர் ரைட்டரைக் கூப்பிட்டு, "திருட்டுதானே? ஏன் இன்னும் வழக்குப் போடவில்லை?" என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரத்தில் நகல் கையில் இருந்தது; காசு எதுவும் கேட்கவில்லை. வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை.

முன்னாள் ரைட்டர்:
தம்பி, அந்த நாற்காலியில் 11 வருடம் உட்கார்ந்தவன் நான். ரைட்டரை மட்டும் திட்டாதீர்கள். துப்புத் துலங்காத வழக்குகள் கூடினால் மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் இன்ஸ்பெக்டர். அதனால் சிலர் "சி.எஸ்.ஆரோடு நிறுத்து" என்பார்கள். வாயால்தான் சொல்வார்கள், எழுதித் தரமாட்டார்கள். வாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் அது 173-ஆவது பிரிவு. நிலையத்தில் மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்; அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

என் முதல் இன்ஸ்பெக்டர் வேறு மாதிரி. காலை ரோல்கால் முடிந்ததும் நிலையத்தில் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் பொது நாட்குறிப்பை வரி வரியாகப் படிப்பார். ஒருமுறை இரவு இரண்டு மணிக்குப் பிடித்து வந்த ஆளைக் காலை ஆறு மணிக்கு வந்ததாக எழுதிவிட்டேன். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த 24 மணி நேரம்தான் உண்டு; நாலு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமே என்ற கெட்டிக்காரத்தனம். அவர் சத்தம்கூடப் போடவில்லை. "இந்த நாலு மணி நேரத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தால் பதில் சொல்லப்போவது நீயா, நானா?" என்றார். அன்று கை நடுங்கியது எனக்கு. இப்போது கேமரா வேறு இருக்கிறது. அது ஓடுகிறதா, பதிவாகிறதா என்று பார்ப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்திருக்கிறது. ஆகவே "கேமரா ரிப்பேர்" என்று யாராவது சொன்னால், அது அவர் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும் கல்.

மூத்த மகள்:
எங்கள் அப்பாவுக்கு 71 வயது. வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டதை நேரில் பார்த்த சாட்சி. "நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்" என்று ஒரு காவலர் போனில் சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, இன்ஸ்பெக்டருக்கே போன் செய்தேன். "60 வயது தாண்டிய சாட்சியை இங்கே வரச் சொல்லக்கூடாதம்மா. சாயங்காலம் நாங்களே வருகிறோம்" என்றார். சொன்னபடி எஸ்.ஐ.யுடன் வந்து, திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, அப்பா சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். அப்பாவுக்குத்தான் மனக்குறை. ஸ்டேஷனுக்குப் போவதற்கென்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாராம்.

மொபெட் தொலைத்தவன்:
ரைட்டர் அண்ணே, வண்டி கிடைக்கவில்லை என்று இன்சூரன்ஸுக்குச் சான்று வேண்டுமாம். யாரைப் பார்ப்பது?

முன்னாள் ரைட்டர்:
அதே அறைதான் தம்பி. மறுபடி நாலு மணிக்குப் போய் நிற்காதீர்கள். மனிதர் ஒரு வாய் சாப்பிடட்டும்.