ஒலிவியா நியூட்டன்-ஜான் நினைவாக ஃபுட்டி மைதானத்தில் தேசிய கீதம்: ஒலி ஏற்பாடு எப்படி?

பேக்_பாக்கெட் கேட்டது:

மெல்பர்ன் புறநகர் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) கிளப் ஒன்றுக்காகக் கேட்கிறேன். பாடகி ஒலிவியா மறைந்தது 2022 ஆகஸ்ட் 8. அந்த வாரச் சனிக்கிழமை சீனியர் ஆட்டத்துக்கு முன் அவர் நினைவாக ஒரு நிமிட மௌனம், பிறகு தேசிய கீதம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. 1986 கிராண்ட் ஃபைனலில் (ஃபுட்டியின் ஆண்டு இறுதி ஆட்டம்) அவர் எம்.சி.ஜி.யில் (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) பாடிய அதே கீதம். பாடப்போவது ஜூனியர் அணியில் ஆடும் பதினாறு வயதுப் பெண்.

கையில் இருப்பவை: 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, சின்ன மிக்சர், பழைய வயர்லெஸ் மைக் ஒன்று. மைதானம் சுமார் 160 மீட்டர் நீளம். ஸ்பீக்கரைக் கிளப் ரூம் வாசலில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை சென்டர் சர்க்கிளில் நிறுத்தலாம் என்கிறார்கள், டிவியில் பார்ப்பதுபோல. சரிவருமா? 1986 வீடியோவை வைத்தே அவர் பயிற்சி எடுக்கலாமா? அணி கிழித்துக்கொண்டு ஓடிவரும் காகித பேனர், அஞ்சலிக் கைப்பட்டை பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மிக்சர்_மேசை:

சென்டர் சர்க்கிள் வேண்டவே வேண்டாம்.

குளிர்காலக் காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கிளப் ரூமிலிருந்து மைதான நடுப்பகுதி 70, 80 மீட்டர். அதாவது ஸ்பீக்கரிலிருந்து வரும் தன் குரல் அவர் காதுக்கு ஏறத்தாழ கால் விநாடி கழித்துத்தான் வந்து சேரும். கீதத்தை நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் எடுத்தால் ஒரு தட்டு 0.6 விநாடி. கிட்டத்தட்ட அரைத்தட்டு பிந்தி வரும் தன் குரலுக்காகப் பாடகர் தன்னையறியாமல் காத்திருப்பார், வேகம் இழுபடும், பின்னணி இசை அவரை விட்டுப் போய்விடும். நல்ல பாடகர்களும் மைதானத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். குரல் சரியில்லை என்று ஊர் சொல்லும். கோளாறு தூரத்தில் இருக்கும். எம்.சி.ஜி.யில் இன்று பாடுகிறவர்கள் காதுக்குள் மானிட்டர் (தன் குரலைத் தாமதமின்றிக் கேட்க உதவும் ஸ்பீக்கர்) போட்டுக்கொள்கிறார்கள். 1986-ல் அது பரவலாக இல்லை.

உங்களுக்கு எளிய வழி: கிளப் ரூம் பக்க எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஸ்பீக்கர்களுக்கு அருகிலேயே அவரை நிறுத்துங்கள். இரு ஸ்பீக்கரும் அவருக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக, மைதானத்தைப் பார்த்தபடி. ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் போனால் ஊளையிடும். தன் குரலும் இசையும் கேட்க, தரையில் ஒரு சின்ன மானிட்டரை அவர் முகம் பார்க்கச் சாய்த்து வையுங்கள். அதற்காக மூன்றாவது ஸ்பீக்கரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், கட்டாயம் தேவை.

ஸ்டாண்டைத் தலைகளுக்கு மேல் போகும் உயரத்துக்கு ஏற்றி, கால்களை முழுக்க அகட்டி, ஒவ்வொன்றிலும் மணல் மூட்டை போடுங்கள். ஆகஸ்ட் காற்றை நம்பக் கூடாது. மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் காற்று "புஸ் புஸ்" என்று பாட்டை விழுங்கிவிடும்.

வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபெல் குறையும். 10 மீட்டரில் 90 இருந்தால் 80 மீட்டரில் 72தான். எதிர்ப்பக்கம் காரை நிறுத்திப் பார்ப்பவர்களுக்குக் கேட்கவேண்டும் என்று ஒலியைக் கூட்டினால் முன்னால் நிற்பவர்கள் காதைப் பொத்துவார்கள். எதிர்ப்பக்கத்தை விட்டுவிடுங்கள்.

அந்த வயர்லெஸ் மைக்கின் அலைவரிசையையும் பாருங்கள். 694 முதல் 820 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிற மாடல் என்றால் 2015 தொடக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவில் அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. அனுமதி உள்ள மாடலாக இருந்தாலும் ரிசீவரைக் கிளப் ரூம் தகரச் சுவருக்குள் வைத்தால் சிக்னல் விட்டு விட்டு வரும். பேசாமல் 20 மீட்டர் கேபிளோடு வயர் மைக் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

---

செப்டம்பர்_கடைசி_சனி:

1986 வீடியோவை ரசிக்கலாம், பயிற்சிக்கு வேண்டாம். காரணம் பாட்டின் வரி. அன்று இரண்டாம் வரி "யங் அண்ட் ஃப்ரீ". 2021 ஜனவரி 1 முதல் அது "ஒன் அண்ட் ஃப்ரீ". காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர் மேடை நடுக்கத்தில் பழைய சொல்லைத்தான் பாடுவார், கூட்டம் உடனே கவனிக்கும். பிரதமர் அலுவலகத் துறையின் தளத்தில் இப்போதைய வரிகளோடு இசைத்தாளும் ஒலிப்பதிவும் கிடைக்கின்றன. குரல் இல்லாத இசையாக எடுங்கள். முதல் சரணம் மட்டும் போதும், ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுருதி அந்தப் பெண்ணுக்கு உயரமாக இருந்தால் ஒரு ஸ்வரம் இறக்கிக்கொள்ளுங்கள். குளிரில் மேல் சுருதி எட்டாது.

அறிவிப்பாளர் சொல்லத் தோதாகச் சில தகவல்கள்: 1986 செப்டம்பர் 27, ஹாத்தோர்னுக்கும் கார்ல்டனுக்கும் ஆட்டம். அரங்கில் 101,861 பேர். ஹாத்தோர்ன் 42 புள்ளியில் வென்றது. அதற்கு முதல் நாள்தான் ஒலிவியாவுக்கு 38 வயது நிறைந்திருந்தது. 1984 ஏப்ரலில்தான் அதிகாரபூர்வமாகியிருந்த அந்தக் கீதத்துக்கு அப்போது இரண்டரை வயது. பிறந்தது கேம்பிரிட்ஜ் என்றாலும் ஐந்து வயதிலேயே மெல்பர்ன் வந்தவர். அப்பா ஆர்மண்ட் கல்லூரியின் தலைவராக இருந்தார். அதனால் "ஹாலிவுட்டிலிருந்து வந்த விருந்தாளி" என்று அறிமுகம் எழுதிவிடாதீர்கள்.

கிராண்ட் ஃபைனலில் பாடி, இப்போது நம்மோடு இல்லாத இன்னும் சிலரையும் சேர்க்க விரும்பினால், 1980-ல் பீட்டர் ஆலன் (ரிச்மண்ட், காலிங்வுட்டை 81 புள்ளியில் புரட்டிய அன்று), 1994-ல் சீக்கர்ஸ் குழுவோடு ஜூடித் டர்ஹம். ஜூடித் இறந்தது ஒலிவியாவுக்கு மூன்று நாள் முன்பு, 2022 ஆகஸ்ட் 5. அவர் பிறந்த இடம் எசென்டன் (ஒரு பெரிய ஃபுட்டி அணியின் ஊர்), இதைவிட ஃபுட்டி மண் எங்கே இருக்கிறது? 2011-ல் மீட் லோஃப் பாடியதை நல்லெண்ணத்தோடு மறந்துவிடலாம்.

---

டீம்_மேனேஜர்:

பாட்டு நன்றாக இருந்தும் நேரம் சொதப்பினால் கோச் உங்களை மன்னிக்க மாட்டார். உடம்பைச் சூடேற்றிய ஆட்டக்காரர்களைப் பத்து டிகிரிக் குளிரில் வரிசையாக நிறுத்தினால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். வரிசையில் நிற்பதிலிருந்து முதல் பவுன்ஸ் (அம்பயர் பந்தைத் தரையில் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவது) வரை நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

2:10-க்கு பவுன்ஸ் என்றால் 2:06-க்கு இரு அணியும் எல்லைக்கோட்டுக்கு உள்ளே, கிளப் ரூமைப் பார்த்து வரிசை. நாட்டின் முதல்குடிகளை மதிக்கும் வாசகம், சைரன், மௌனம், மறுபடி சைரன், கீதம். டாஸை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மௌனத்தின் முடிவுக்குச் சைரன் அடிக்கத் தவறினால் யாரோ ஒருவர் பாதியில் கைதட்டிவிடுவார். சைரன் அடிப்பவருக்கு நிறுத்துகடிகாரம் கொடுங்கள். வியாழக்கிழமைக்குள் அம்பயர், எதிரணி மேனேஜர், லீக் மூவருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தாமதத்துக்கு அபராதம் போடும் லீக்குகள் உண்டு.

ஒலிச் சோதனையை, சீனியருக்கு முன் நடக்கும் ரிசர்வ்ஸ் (இரண்டாம் அணி) ஆட்டத்தின் இடைவேளையில் முடித்துவிடுங்கள். ரிசர்வ்ஸ் எப்படியும் இழுத்துக்கொண்டு போகும், அதன் பிறகு உங்களுக்கு நேரம் கிடைக்காது. கீதம் முடிந்த உடனே ஸ்டாண்ட், மானிட்டர், கேபிள் எல்லாவற்றையும் வேலிக்கு வெளியே எடுக்க நான்கு பேரை முன்கூட்டியே பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லைக்கோட்டோரம் இரும்பு ஸ்டாண்ட் இருந்தால் அம்பயர் பந்தைப் போட மாட்டார்.

பேனர்: கிரேப் பேப்பர் பட்டைகளை அகலமான பேக்கிங் டேப்பால் இரு பக்கமும் ஒட்டுவார்கள். எல்லாரும் செய்யும் பிழை, டேப்பைக் குறுக்காக நடுவிலும் ஓடவிடுவது. அப்போது பேனர் கிழியாது, முதலில் பாயும் கேப்டன் சுருண்டு விழுவார். நடுவில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு டேப்பே கூடாது. மழை வந்தால் சாயம் கரைந்து வெள்ளை ஷார்ட்ஸில் ஏறும், அன்றைக்கு பேனரே வேண்டாம்.

---

கான்டீன்_வரிசை:

தேசிய கீதம் எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும், அதில் ஒலிவியா எங்கே? குவார்ட்டர் இடைவேளைகளில் அவர் பாட்டுகளைப் போடுங்கள். பொது இடத்தில் பதிவு செய்த பாட்டை ஒலிக்க ஒன்மியூசிக் உரிமம் வேண்டும். கிளப்பிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள். ஆனால் ஆட்டம் முடிந்து கடைசி சைரன் அடித்த பிறகு ஒரு பாட்டும் வேண்டாம். ஜெயித்தால் அணி உள்ளே வட்டமாக நின்று கிளப் பாட்டைப் பாடும், அதன்மேல் ஸ்பீக்கர் கத்தினால் அசிங்கம்.

---

பேக்_பாக்கெட்:

எல்லாருக்கும் நன்றி. எல்லைக்கோட்டுப் பக்கம் என்று கமிட்டியை ஒப்புக்கொள்ள வைத்தாயிற்று. கடைசி ஒன்று: கைப்பட்டை கறுப்பா, இளஞ்சிவப்பா? அவர் மார்பகப் புற்றுநோயோடு போராடியவர் என்பதால் இளஞ்சிவப்பு என்கிறார்கள் சிலர்.

---

டீம்_மேனேஜர்:

இரண்டும் சரி. புற்றுநோய் மையத்துக்கு நிதி திரட்டுவதாக இருந்தால் இளஞ்சிவப்பு பொருந்தும். ஹைடல்பெர்கில் ஆஸ்டின் மருத்துவமனையில் அவர் பெயரிலேயே மையம் இருக்கிறது. வெறும் அஞ்சலி என்றால் கறுப்பு. கெர்ன்சிக்கு (ஃபுட்டிச் சட்டை) கை கிடையாது என்பதால் டேப்பைப் புஜத்தில்தான் சுற்றவேண்டும். எலக்ட்ரிகல் டேப் வேர்வையில் வழுக்கி முதல் குவார்ட்டரிலேயே முழங்கைக்கு வந்துவிடும். 25 மில்லிமீட்டர் ஸ்ட்ராப்பிங் டேப் வாங்கி, கையை மடக்கித் தசையைப் புடைக்க வைத்து, இழுக்காமல் இரண்டு சுற்று. கையை நீட்டி வைத்துச் சுற்றினால் மடக்கும்போது இறுக்கிப் பிடிக்கும். எந்த நிறமானாலும் லீக்குக்கு அனுப்பும் அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.